முயல் வேட்டைக்கு எந்த ஃபெரெட்? பதுக்கும் குணத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முயலை வளையிலிருந்து கிளப்ப நான் வளர்க்கும் சிறு விலங்கான ஃபெரெட்டின் கூண்டைச் சுத்தம் செய்யும்போது படுக்கைப் பெட்டியின் பின்மூலையில், வைக்கோலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். நாலு கோழிக்குஞ்சுக் கால்கள், ஒரு முயல் காது, காய்ந்து கறுத்த ஈரல் துண்டு, அப்புறம் மூன்று வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த கையுறை. எல்லாம் ஒரே மூலையில், ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி வைத்திருந்தது. நான் வெளியே எடுத்துப் போட்டதும் பெட்டை வந்து என் விரலை முகர்ந்தது. ஒரு காலைக் கவ்விக்கொண்டு எதிர்மூலைக்குப் போய், மூக்கால் வைக்கோலைத் தள்ளித் தள்ளி மறுபடி மூடி வைத்தது.

கிழக்கு இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பக்கத்துப் பண்ணையில் முட்டைக்கோஸையும் இளம் கோதுமையையும் முயல்கள் மேய்ந்துவிடுகின்றன. பண்ணைக்காரரின் அனுமதியோடு ஆறு குளிர்காலமாக ஃபெரெட்டுகளை வைத்து அங்கே முயல் பிடிக்கிறேன். கிராமப்புறமாகப் பார்த்துக் குடியேறிய நம்மவர்கள் சிலர் என்னிடம் கேட்பது இதுதான்: பெட்டையா கடுவனா, குட்டியா பெரியதா, பட்டினி போட்டுக் கூட்டிப்போவதா வயிறு நிறையக் கொடுப்பதா, இறைச்சியா உலர்தீனியா? தனித்தனிக் கேள்விகளாகத் தெரிந்தாலும், அந்தப் படுக்கைப் பெட்டி மூலையைப் புரிந்துகொண்டால் இவற்றில் பாதிக்கு மேல் தானாகவே விடை கிடைத்துவிடும்.

ஃபெரெட்டைப் படத்தில் பார்ப்பவர்கள் கீரி என்று நினைத்துக்கொள்வார்கள். கீரி இல்லை, இது நீர்நாயின் குடும்பம். ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டு விலங்கை மனிதன் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டில் வைத்து வளர்த்ததால் வந்தது. ரோமானியர் காலத்திலேயே ஸ்பெயினிலும் பலேரிக் தீவுகளிலும் முயல் வளைக்குள் இதை விட்டிருக்கிறார்கள். பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோவும் ரோமானிய எழுத்தாளர் பிளினியும் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஃபெரெட் என்ற பெயரே திருடன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். காட்டுப் போல்கேட் தவளையைப் பிடித்தால் மூளைக்குக் கீழே கடித்து அசையாமல் செய்து, உயிரோடு வளையில் அடுக்கி வைத்துக்கொள்ளும். உணவு கிடைக்காத நாளுக்கான சேமிப்பு அது. வீட்டுக்கு வந்து இரண்டாயிரம் ஆண்டு ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபெரெட் வேட்டை என்பது வளை தோண்டிக் கூட்டமாக வாழும் ஐரோப்பிய முயலுக்கானது. நம்மூர்க் காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புல்லில் பள்ளம் செய்து படுத்துக்கிடக்கும் விலங்கு அது. இந்தியாவில் அதை வேட்டையாடுவதும் குற்றம். அதனால் இதைப் படித்துவிட்டு ஊரில் செய்து பார்க்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பழக்குவது என்றால் எதை?

வேட்டையை ஃபெரெட்டுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருட்டான ஓட்டையைக் கண்டால் அது நுழையும், உள்ளே முயல் வாடை அடித்தால் தேடிப் போகும். முயல் அலறியடித்து வெளியே ஓடி வந்து வலையில் விழும். ஃபெரெட் முயலைக் கிளப்பினால் போதும், கொல்ல வேண்டாம். நாம் பழக்க வேண்டியது அதற்கடுத்த கட்டத்தை. வளையைவிட்டு அது தானாக வெளியே வர வேண்டும், வந்ததும் நம் கைக்கு அடங்கி நிற்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நேர் எதிராக இழுப்பதுதான் பதுக்கும் குணம். உள்ளேயே ஒரு முயலைக் கொன்றுவிட்டால் அதற்கு அது உணவுக் கிடங்கு. தின்று, இழுத்து ஒதுக்கி, அதன்மேலேயே சுருண்டு தூங்கிவிடும். மேலே நிற்கும் நமக்கு ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்தபின் குளிரில் காத்து நிற்பதும் மண்வெட்டி எடுப்பதும்தான் மிச்சம்.

ஆகவே, எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வாயில் ஒன்று கிடைத்த பிறகு இந்த விலங்கு என்ன செய்யும்?

பெட்டையா, கடுவனா?

பெட்டையை இங்கே ஜில் என்பார்கள், கடுவனை ஹாப் என்பார்கள். நல்ல பெட்டை ஒன்று முக்கால் கிலோவுக்கு முன்னே பின்னே இருக்கும். கடுவன் ஒன்றரை கிலோ, சில சமயம் அதற்கும் மேலே. இரண்டு மடங்கு எடை என்பது வளைக்குள் பெரிய வித்தியாசம்.

பெட்டை குறுகலான கிளைகளிலும் நுழைந்துவிடும், வேகமாகப் போய்வரும். மூலையில் முடங்கிய முயல் தலையை முட்டுச்சுவருக்குள் புதைத்துப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். சிறிய பெட்டையால் அதைத் தாண்டிக் கழுத்துக்குப் போக முடியாது, பிறாண்டத்தான் முடியும். கொஞ்ச நேரம் பிறாண்டிவிட்டு அலுத்து வெளியே வந்துவிடும். அப்போது அதன் முன்னங்கால் நகங்களைப் பாருங்கள். நகத்திடுக்கில் சாம்பல் நிற மயிர் சிக்கியிருந்தால், உள்ளே ஒரு முயல் முட்டுச்சந்தில் அகப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். என்னோடு வரும் பெரியவர் ஒருவர் பெட்டை வெளியே வந்த உடனே முகத்தைப் பார்க்க மாட்டார், நகத்தைத்தான் பார்ப்பார்.

கடுவனுக்கு உடம்பில் வலு இருக்கிறது. முயலை அமுக்கிக் கொன்றுவிடும். கொன்றதை இழுக்கவும் அதனால் முடியும். இழுக்க முடிந்தால் பதுக்கவும் முடியும். என் அனுபவத்தில் உள்ளேயே தங்கிவிடும் தொல்லை கடுவன்களிடம்தான் அதிகம். வலைக்கண்ணில் சிக்கிக்கொண்டு வலையைச் சுருட்டிவிடுவதும் அவைதான்.

கடுவனுக்கு ஒரு பழைய வேலை உண்டு. ஃபெரெட் மண்ணுக்குள் எங்கே இருக்கிறது என்று மேலே நிற்பவருக்குக் காட்டும் கழுத்துப்பட்டை மின்கருவிகள் வருவதற்கு முன்னால், பெட்டை உள்ளே தங்கிவிட்டால் பெரிய கடுவன் ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அது பெட்டையை விரட்டிவிட்டு இரையைத் தனதாக்கிக்கொண்டு அங்கேயே உட்காரும். கயிற்றைத் தொட்டுக்கொண்டே தோண்டிப் போய் இரண்டையும் எடுப்பார்கள். கடுவனின் பேராசையையே கருவியாக்கிய வேலை அது. இன்று அதற்குத் தேவையில்லை. வேரிலும் கல்லிலும் கயிறு சுற்றிக்கொண்டால் உள்ளே போனதற்கே ஆபத்து.

ஆரம்பிப்பவருக்கு நான் சொல்வது இரண்டு பெட்டைகள். ஒன்று மட்டும் வேண்டாம், தனியாக இருந்தால் ஏங்கிப்போகும். ஆனால் பெட்டை வாங்குவதில் ஒரு கடமை சேர்ந்து வருகிறது. வசந்தத்தில் சூட்டுக்கு வந்த பெட்டை, இணை சேராவிட்டால் மாதக்கணக்கில் அந்த நிலையிலேயே இருக்கும். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு, இரத்தசோகையில் செத்தும் போகலாம். கருத்தடை அறுவை, தோலுக்கடியில் வைக்கும் மருந்துப் பதியம், ஊசி, அல்லது விதைக்குழாய் வெட்டிய கடுவனோடு சேர்ப்பது என்று நாலு வழிகள் இருக்கின்றன. எது உங்கள் விலங்குக்குச் சரி என்று பிப்ரவரிக்குள் கால்நடை மருத்துவரிடம் பேசி முடித்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடுகிறவர் பெட்டை வாங்கவே கூடாது.

பசியோடா, வயிற்றில் எதையாவது வைத்தா?

இதில்தான் நான் முதல் வருடம் பெரிய தப்புச் செய்தேன். பசித்தால் நன்றாக வேட்டையாடும் என்று யாரோ சொன்னதை நம்பி, முதல் நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றும் கொடுக்காமல் ஒரு கடுவனைக் கூட்டிப்போனேன். ஃபெரெட்டின் குடல் குட்டையானது, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அப்படிப்பட்ட உடம்புக்கு இருபது மணி நேரப் பட்டினி என்பது கொடுமை. அது அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஒரு பெரிய மேட்டில் பத்துப் பன்னிரண்டு ஓட்டைகள். கடுவன் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் தரைக்கடியில் தட்தட்டென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மேடெல்லாம் நடந்தேன். ஒரே இடத்தில் சத்தம் கேட்டது, அசையவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் தோண்டினோம். மண்ணுக்குள் மணலும் கல்லும் கலந்திருந்தன. நாலடி ஆழம் போனபின் கடைசி ஒரு சாணைக் கையாலேயே தோண்டினேன், மண்வெட்டி பட்டுவிடக் கூடாது என்று. விரல் மென்மயிரில் பட்டது. முக்கிய வழியிலிருந்து ஒதுங்கி ஒரு பக்க அறை. அதற்குள் முயலை இழுத்து வைத்து, கழுத்துப் பக்கம் தின்றுவிட்டு, அதன்மேல் தலை வைத்துக் கடுவன் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பியதும் முதலில் முயலின் காதைத்தான் கவ்வியது, விடவே இல்லை. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பசித்த வயிற்றோடு அனுப்பியது நான்தானே.

இதற்கு நேர் எதிராக, புறப்படும் முன் வயிறு முட்டக் கொடுப்பவர்களும் உண்டு. அதுவும் சரிவராது. ஒரு நாளில் பதினாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கும் பிராணி இது. வயிறு நிறைந்தால் வளையின் வாயிலேயே படுத்துக்கொள்ளும்.

நான் இப்போது செய்வது இதுதான். முந்தின இரவு வழக்கமான சாப்பாடு. காலையில், புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், ஒரு கோழிக்குஞ்சில் பாதி அளவு. பசியும் இல்லை, மந்தமும் இல்லை. மத்தியானம் ஓய்வில் இன்னொரு துண்டும் தண்ணீரும். பழைய காலத்தில் உள்ளே கொல்லாமல் இருக்க வாய்க்கட்டு போட்டிருக்கிறார்கள், உதட்டைத் தைத்தும் வைத்திருக்கிறார்கள். ஸ்ட்ராபோவே வாய்க்கட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். வாய்க்கட்டோடு ஒன்று உள்ளே தொலைந்துபோனால் பட்டினியிலேயே சாகும். நேரத்துக்குச் சோறு போட்டால் தீர்கிற விஷயத்துக்கு இத்தனை கொடுமை எதற்கு?

முழு இறைச்சியா, உலர்தீனியா?

ஃபெரெட் இறைச்சியை மட்டுமே தின்று வாழும் உடம்பு. தானியம், பழம், பால்சோறு எதுவும் அதற்கு ஆகாது. ஒரு காலத்தில் இந்த நாட்டில் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத்தான் ஃபெரெட்டுக்குப் போடுவார்கள். பாவம், வயிற்றுப்போக்கிலேயே காலத்தைத் தள்ளியிருக்கும்.

ஆக, நமக்கு இருப்பது இரண்டு வழிகள். மயிரும் எலும்புமாக முழு முயல், உறைநிலையில் விற்கும் ஒருநாள் கோழிக்குஞ்சு, இறைச்சித் துண்டு என்பது ஒரு வழி. ஃபெரெட்டுக்கென்றே செய்த உலர்தீனி இன்னொன்று.

உலர்தீனியின் பெரிய வசதி, பதுக்கினாலும் கெடாது. வாரம் ஒருமுறை மூலையிலிருந்து அள்ளிப் போட்டால் போதும். வாடையும் குறைவு. விடுமுறைக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். கோடையில் ஈ மொய்க்காது. கிண்ணத்திலிருந்து கால்களால் வாரி வெளியே இறைத்துவிடும், அது வேறு. கிண்ணத்தைக் கம்பியில் மாட்டிவைத்தால் அது கொஞ்சம் அடங்கும். தண்ணீர் மட்டும் குறையவே கூடாது.

முழு இறைச்சியில் கிடைப்பது வேறு. எலும்பைக் கடிப்பதால் பல் சுத்தமாக இருக்கிறது, கழிவு இறுகலாகவும் வாடை குறைவாகவும் வருகிறது. ஒரு முயல் தொடையை உரித்துத் தின்ன அது படும் பாட்டைப் பார்த்தால், சாப்பாடு ஒரு வேலையாகவும் இருப்பது தெரியும். ஆனால் தின்றது போக மிச்சம் நேராகப் படுக்கைக்குள் போகும். டிசம்பரில் பரவாயில்லை. ஜூலையில் ஒரே நாளில் ஈ முட்டையிட்டுப் புழுத்துவிடும். அந்தப் புழு விலங்கின் உடம்புக்கும் பரவும்.

நான் இரண்டையும் கலந்துகொண்டிருக்கிறேன். அக்டோபர் முதல் மார்ச் வரை பெரும்பாலும் இறைச்சி, கோடையில் உலர்தீனியும் சாயங்காலம் ஒரு சிறு துண்டு இறைச்சியும். வாங்கிய புதிதில், இறைச்சி கொடுப்பதானால், ஒரே வேளையில் தின்று முடிக்கும் அளவு எவ்வளவு என்று பத்து நாள் கவனித்துக் கண்டுபிடியுங்கள். என்னுடைய பெட்டைக்குக் குளிர்காலத்தில் நாளுக்கு இரண்டு குஞ்சு. மூன்றாவது போட்டால் அது மூலைக்குத்தான் போகும். குஞ்சை மட்டுமே போட்டு வளர்க்காதீர்கள், முயலும் மற்ற இறைச்சியும் மாறி மாறி வர வேண்டும். துப்பாக்கியால் சுட்ட முயலில் ஈயக்குண்டுத் துணுக்கு தங்கியிருக்கும், அதைப் போடாதீர்கள். வலையில் பிடித்ததில் அந்தக் கவலை இல்லை.

பதுக்கியதை எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தினமும் எடுக்க வேண்டும், ஆனால் அதன் கண்ணெதிரே பிடுங்கக் கூடாது. வாயிலிருந்து பிடுங்கினால் நம் கையைக் கண்டாலே இரையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பழக்கம் வந்துவிடும். வளைவாயிலும் அதையேதான் செய்யும். கூண்டிலிருந்து வெளியே விட்டு விளையாடும் நேரத்தில் மூலையைச் சுத்தம் செய்கிறேன். கெடாத ஒரு சிறு துண்டை அங்கேயே விட்டுவைக்கிறேன். எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டால் திரும்பி வந்து தேடித் தேடி அலைவதைப் பார்க்க முடியவில்லை. புது இடமும் தேடிக்கொள்ளும், அடுத்த தடவை நமக்குத்தான் அது அகப்படாது.

குட்டியா, பழகியதா?

வேட்டைக்கு ஏற்கெனவே போய்வந்த ஃபெரெட்டை வாங்கினால் உடனே வேலை நடக்கும். ஆனால் ஏன் விற்கிறார்கள் என்று கேளுங்கள். வளைவாயில் தலையை நீட்டிவிட்டு, கை வந்ததும் பின்வாங்கும் ஃபெரெட்டுகள் உண்டு. யாரோ அவசரப்பட்டு வாயிலிலேயே எட்டிப் பிடித்ததால் வந்த கெட்ட பழக்கம் அது. மாற்றுவது கஷ்டம்.

நான் குட்டியைத்தான் சொல்வேன், எட்டு வாரத்துக்கு மேல் ஆனதாக. சின்ன வயதில் எந்த உணவின் வாடை மூக்கில் பதிகிறதோ அதையே பிற்காலத்திலும் தேடும். அந்த மாதங்களில் உலர்தீனி மட்டுமே பார்த்த குட்டி, பிறகு முயலைக் கண்டால் முகர்ந்துவிட்டுப் போய்விடலாம். இறைச்சி மட்டுமே பார்த்தது உலர்தீனியைத் தொடாது. அதனால் இரண்டையும் அப்போதே காட்டிவிட வேண்டும். தினமும் கையில் தூக்க வேண்டும். வடிகால் குழாய் நாலைந்தை வளைவுகளோடு பதித்து அதில் ஓடவிடுங்கள். ஒரு முனையில் உணவுக் கிண்ணத்தைத் தட்டி, வெளியே வந்ததும் ஒரு துண்டு கொடுங்கள், அப்புறம் தூக்குங்கள், தூக்கிய உடனே மறுபடி விடுங்கள். தூக்கினால் ஆட்டம் முடிந்துவிடும் என்று அதற்குத் தோன்றவே கூடாது. நாலு காலும் வெளியே வரும் வரை கையை நீட்டாதீர்கள். இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள அதைவிட நமக்குத்தான் அதிக நாளாகும்.

நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் நோய் ஃபெரெட்டைக் கொன்றுவிடும், தடுப்பூசி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். நமக்கு வரும் ஃப்ளூவும் அதற்கு ஒட்டும். 1933இல் லண்டனில் மனித ஃப்ளூ வைரஸைக் கண்டறிந்ததே ஃபெரெட்டுகளை வைத்துத்தான். நமக்குக் காய்ச்சலென்றால் கூண்டுப் பக்கம் வேறு ஆளை அனுப்புவது நல்லது.

வலையும் மற்றவையும்

சுருக்குப்பை போலக் கயிறு இழுபடும் சிறு வலைகளை ஓட்டைக்கு ஒன்றாக விரித்து முளை அடிப்பது ஆரம்பக்காரருக்கு ஏற்றது. முயல் மோதியதும் வாய் சுருங்கிவிடும். பெரிய மேடாக இருந்தால் சுற்றி நீள வலை கட்டுவார்கள். அதற்கு ஆள் வேண்டும், பழக்கமும் வேண்டும். ஹாரிஸ் பருந்தோடு போகிறவர்களும் இருக்கிறார்கள். பருந்து ஃபெரெட்டையே இரையென்று எடுத்துவிடாமல் பழக்க வேண்டும். வெள்ளை ஃபெரெட் என்றால் புதரில் நன்றாகத் தெரியும் என்று அதைத்தான் விரும்புவார்கள். எனக்கும் வெள்ளைதான் பிடிக்கும், பருந்து இல்லாவிட்டாலும்.

எந்த வலையாக இருந்தாலும் கழுத்துப்பட்டைக் கருவி இல்லாமல் இறக்க வேண்டாம். ஃபெரெட் எங்கே, எத்தனை அடியில் என்று அது சொல்லிவிடும். புறப்படும் காலையில் புது பேட்டரி போடுங்கள். போன வாரம் போட்டதுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

சட்டம் பற்றிக் கொஞ்சம். நிலத்துக்காரரின் அனுமதி கட்டாயம், எழுத்தில் இருந்தால் நல்லது. வேட்டைக்கு வழக்கமான காலம் அக்டோபரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. வசந்தத்தில் வளைக்குள் முயல்குட்டிகள் கிடக்கும். ஃபெரெட் அவற்றைத் தின்றுவிட்டு அங்கேயே தங்கிவிடும், நமக்கும் அது செய்யத் தகுந்த வேலையில்லை. வேறு நாட்டில் இருப்பவர்கள் முதலில் விசாரியுங்கள். நியூசிலாந்தில் 1880களில் முயலை ஒழிக்க அவிழ்த்துவிட்ட ஃபெரெட்டுகள் பறக்காத பறவைகளை அழித்தன. அங்கே இப்போது விற்கவோ இனப்பெருக்கம் செய்யவோ கூடாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் வளர்க்கத் தடை.

முதல் நாளுக்கு இரண்டு மூன்று ஓட்டை உள்ள சிறிய வளையாகத் தேர்ந்தெடுங்கள். காற்று நம் முகத்தில் அடிக்கும் பக்கமிருந்து, பேசாமல், காலை அழுத்தாமல் போங்கள். தரையதிர்ச்சி முயலுக்கு உடனே தெரியும். வலையைப் போட்டுவிட்டு ஒரு பெட்டையை மட்டும் விடுங்கள். முயல் வரலாம், வராமலும் போகலாம். பெட்டை வெளியே வந்து, நின்று, உங்கள் கையை முகர்ந்து, தூக்க விட்டால் அன்றைக்கு அதோடு போதும். சட்டைப் பையில் இருக்கும் துண்டைக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் துண்டில் மிச்சம் எந்த மூலைக்குப் போகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், காலையில் எடுக்க வேண்டுமே.